குவைத்திலிருந்து வந்த முன்பிரேக்

குவைத்திலிருந்து வருகிறவர்கள் பெண்டாட்டிக்கு ஜப்பான் புடவை கொண்டுவருவார்கள், வீட்டுக்கு ஒரு டேப் ரிக்கார்டர், அக்கம்பக்கத்துக்குத் தைலமும் சோப்பும். எங்களுக்கு வந்தது துருப்பிடித்த இரும்பு. என் வீட்டுக்காரரின் சிநேகிதர், கோட்டக்குப்பத்துக்காரர், அங்கே ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். லீவில் ஊர் வந்த மறுநாளே வாடகைக் காரில் ஒரு மரப்பெட்டியோடு விழுப்புரத்துக்கு வந்து எங்கள் மில் வாசலில் இறங்கினார். இரண்டு ஆள் பிடித்துத்தான் பெட்டியை இறக்க முடிந்தது. நான் அதைக் கிரைண்டர் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஆட்டுக்கல்லிலிருந்து விடுதலை என்று மனசுக்குள் பாயசமே வைத்துவிட்டேன். திறந்தால் பழைய துணியில் சுற்றிய இரண்டு வட்டத் தகடு, இரண்டு இரும்புக் கட்டி, ரப்பர் குழாய், நட்டு, போல்ட்டு. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக.

கிரைண்டர் இல்லையே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், அந்த இரும்பு வந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவளும் நான்தான். அது எங்கள் காருக்கு முன்பிரேக்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்களுக்கு மல்லாட்டை ஆட்டி எண்ணெய் எடுக்கிற மில். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் உடம்பு இருந்தது, உயிர் மட்டும் ஒரு பழைய ஹெரால்டு காரில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் மெட்ராஸைத் தாண்டி சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். அதில் ஓட்டுவார். ஜெயித்ததே இல்லை. கனம் குறையட்டும் என்று பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். கதவுக்குள் அட்டை இல்லை, காலுக்குக் கீழே விரிப்பு இல்லை. என் பிறந்த வீடு திண்டிவனம். ஒவ்வொரு தரம் அம்மா வீட்டுக்குப் போகும்போதும் பலகாரத் தூக்கை மடியில் அணைத்துக்கொண்டு, பிடித்துக்கொள்ள ஒரு பிடிகூட இல்லாமல் குலுங்கிக் குலுங்கிப் போவேன். இது காரா தகர டப்பாவா என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மயங்கித்தான் நானும் மூன்று வருஷமாக அந்த டப்பாவில் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

முந்தின வருஷ ரேஸில் பிரேக் செத்துப்போனது. முன்சக்கரத்தில் அப்போது இருந்தது டிரம் பிரேக். மூடி போட்ட சட்டி மாதிரி அது. உள்ளே இரண்டு ஷூ விரிந்து சட்டியைத் தேய்த்துச் சக்கரத்தை நிறுத்தும். ஊருக்குள் ஓட்ட அது போதும். ரேஸில் வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்துச் சூடேறினால் அந்தச் சூடு வெளியே போக வழி கிடையாது. கொஞ்ச நேரத்தில் மிதித்தாலும் பிடிக்காது. நான் கயிற்றுக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வளைவுக்கு வந்ததும் மற்ற வண்டிகளெல்லாம் வேகத்தைக் குறைக்க, இவர் வண்டி மட்டும் குறையாமல் நேராகப் போய் வைக்கோல் கட்டுகளுக்குள் புகுந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அந்தத் தூசிக்குள்ளிருந்து அவர் எழுந்து நடந்து வருகிறவரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை.

என் மாமியார் அந்தக் காரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். மாமனார் நான் வாழ்க்கைப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் மில்லைத் தூக்கி நிறுத்தியது மாமியார்தான். மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி மல்லாட்டையை அள்ளினால் அது எந்த ஊர்க் கொல்லையில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர், வீட்டில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் சத்தமில்லாமல் உள்அறைக்குப் போய்விடுவார். தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாதாம். அவரிடம் அப்படி யாரும் வந்து சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். பெற்ற மகன் ரேஸுக்குக் கிளம்பும்போதும் அப்படித்தான். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் வெளியே வருவார்.

கட்டோடு படுத்துக்கிடந்த மகனுக்கு மாமியார் சோறு ஊட்டினார். காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள், நீ வேணாம்னு சொன்னா கேப்பான் என்றார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மனுஷனிடமிருந்து எதை வேண்டுமானாலும் பிடுங்கலாம், முகத்தில் இருக்கிற வெளிச்சத்தையா பிடுங்குவது? அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். முன்சக்கரத்துக்கு நல்ல பிரேக் வரவேண்டும். அது நிற்கிறதா என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். பார்த்த பிறகுதான் ரேஸ். இல்லாவிட்டால் காரைப் பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டுவிடுவேன் என்றேன். போடக்கூடியவள்தான் என்று அவருக்குத் தெரியும்.

இவர் எழுதிய கடிதத்தைப் பார்த்துச் சிநேகிதரும் குவைத்தில் தேடியிருக்கிறார். பாலைவனத்து ஓரத்தில் உடைசல் வண்டிகளைக் குவித்து வைக்கிற இடத்தில் இதே வண்டியின் சீமை அண்ணன் ஒன்று கிடைத்தது. அதன் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஏர்போர்ட்டில் அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்த்து, தங்கம் எங்கே ஒளித்திருக்கிறாய் என்று ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்த்தார்களாம். செம பேஜாரு தங்கச்சி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மில் முற்றத்தில் வேலை நடந்தது. ஹெரால்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. பானெட்டைத் தூக்கினால் மூஞ்சி, மட்கார்டு எல்லாமே சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். என்ஜினும் இரண்டு முன்சக்கரமும் அப்படியே வெட்டவெளியில் நிற்கும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். டிரம்மைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த வட்டத் தகட்டை மாட்டினார்கள். குழாயின் மரை பொருந்தவில்லை, கடைசல் பட்டறைக்கு நடையாக நடந்தார்கள். கடைசியில் பிரேக்கில் ஏர் எடுக்கிற வேலை, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற வேலை, எனக்கு. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்கவேண்டும், அவர்கள் கீழே படுத்துக்கொண்டு, அமுக்கு, புடி, வுடு என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அமுக்கு என்றால் அமுக்கினேன், வுடு என்றால் விட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன பேச்சு கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான் என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு சொல்லுவார்.

இது மூடி போட்ட சட்டி இல்லை என்று சிநேகிதர் எனக்கு விளக்கினார். தகடு வெளியே காற்றில் சுற்றும், இரண்டு பக்கமும் இரண்டு பேடு வந்து கவ்விப் பிடிக்கும், சூடு காற்றோடு போய்விடும். பேடு இந்த ஒரு ஜோடி செட்டுதான், இங்கே எங்கேயும் கிடைக்காது. புதுசில் கொஞ்சம் வழுக்குகிற மாதிரி இருக்கும், தேய்ந்தால் பிடித்துக்கொள்ளும், பயப்படவேண்டாம் என்றார்.

அந்தப் பக்கமாகச் சாவிக்கொத்தோடு போன மாமியார் நின்றார். பளபளவென்று தேய்த்து வைத்திருந்த தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது இப்பிடித் தொறந்தேவா கெடக்கும்?" என்று கேட்டார்.

காரைப் பற்றி மகன் காதுபட அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. மகனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆமாம்மா, காத்து பட்டாதான் நல்லது என்று ஆரம்பித்து எதையெதையோ சொன்னார். மாமியார் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் மில்லில் இரும்பு காய்ந்து கிடக்கக்கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் மிஷினின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மாமியார் தன் கையாலேயே எண்ணெய் தொட்டு வைப்பார். இரும்புக்கு எண்ணெய் காட்டாவிட்டால் அதற்குக் கோபம் வருமாம்.

பிரேக் மாட்டி முடித்த வெள்ளிக்கிழமை, திருவக்கரைக்குப் போய்க் காளியம்மனுக்குப் படைத்து வண்டிக்குப் பூசை போடுவதென்று முடிவானது. அப்படியே பெருமுக்கல் ரோட்டில் பிரேக்கை ஓட்டிப் பார்த்துவிட்டு, திண்டிவனத்தில் என் அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. சிநேகிதர் ஜும்மா தொழுகைக்காக ஊருக்குப் போய்விட்டார். ஆச்சரியம் என்னவென்றால் மாமியார் தானும் வருவதாகச் சொன்னார். பின்சீட்டுதான் இல்லையே. சாக்கில் பஞ்சைத் திணித்துப் போட்டுக் கொடுத்தோம். வெள்ளைப் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, விளக்குக்கு ஊற்ற ஒரு பாட்டில் எண்ணெயோடு ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தார்.

கோயில் வாசலில் பானெட்டைக் கவிழ்த்து வைத்தோம். நான் சந்தனம் குங்குமம் வைத்தேன், கற்பூரம் காட்டினேன். மாமியாரைக் கூப்பிட்டேன், கிட்டே வரவில்லை. நீங்க முன்னால போங்க, நா பின்னாலியே வர்றேன் என்றார். நாங்கள் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போனோம். அவர் பிறகு வந்து சேர்ந்துகொண்டார். திரும்பி வந்து பானெட்டை மூடி, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். கிராமத்து ரோட்டில் மெதுவாகத்தான் போனோம். பிரேக் கொஞ்சம் மந்தமாக இருந்தது. புதுப் பேடு, தேயட்டும் என்றார் அவர்.

பெருமுக்கல் ரோடு அந்தக் காலத்தில் காலியாகக் கிடக்கும். தூரத்தில் மலை தெரியும், இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை. அதோ தெரிகிற மதகுக்கு இந்தப் பக்கம் நிறுத்துகிறேன் பார் என்று சொல்லிவிட்டு அழுத்தினார். வேகம் காட்டுகிற முள் ஆடி ஆடி ஏறியது. மிதித்தார். அவர் கால் இறங்கியதைப் பார்த்தேன், வண்டி அதைப் பொருட்படுத்தவே இல்லை. இன்னொரு தரம் மிதித்தார். மதகு எங்களை நோக்கி வந்தது. கியரை இறக்கி, கைபிரேக்கை இழுத்து, வண்டியை அப்படியே பக்கத்துக் கொல்லைக்குள் விட்டார். தடதடவென்று வரப்பைத் தாண்டி, பூத்திருந்த செடிகளை உழுதுகொண்டு போய் நின்றது. மாமியார் பஞ்சு மூட்டையோடு உருண்டு என் சீட்டின் முதுகில் வந்து இடித்தார். யாருக்கும் அடியில்லை. ஆத்தா காப்பாத்திட்டா என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் இறங்கிப் பானெட்டைக் கவிழ்த்தார். முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. புகையில் ஒரு வாசனை. எரிந்த வாசனை இல்லை, வடை சுடுகிற வாசனை. எண்ணெய் மில்லில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அது தெரியாதா? எங்கள் வீட்டு எண்ணெய். அவரும் மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் வண்டிக்குள்ளே பார்த்தோம்.

அதற்குள் கொல்லைக்காரர் ஓடிவந்துவிட்டார். வருஷா வருஷம் எங்கள் மில்லுக்குச் சரக்குப் போடுகிறவர். மாமியாரை அடையாளம் தெரிந்ததும் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு, மல்லாட்டை வாங்க வர்றதுன்னா வண்டியோடவாம்மா கொல்லைக்குள்ள வருவீங்க என்று கேட்டார்.  மாமியார் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"நாந்தான் எண்ணெ வெச்சேன்" என்றார். "மஞ்சக் குங்குமம் நா வெக்கக் கூடாது. எண்ணெ வெக்கலாமேன்னு, ரெண்டு பக்கமும் நல்லா தடவி வுட்டேன். எம் புள்ள நல்லா இருக்கணும்னுதாண்டா வெச்சேன். என் கை ஆவாத கை."

சொல்லிவிட்டு அந்தக் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.  எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கிடைக்காத பேடு, குவைத்திலிருந்து வந்த பேடு, எண்ணெயில் ஊறிக்கிடக்கிறது. ரேஸுக்கு நாளும் இல்லை. அவர் வந்து வண்டிக் கதவோரம் செடிகளின் மேலேயே உட்கார்ந்தார்.

"அம்மா, எந்தக் கை வெச்சாலும் எண்ணெ வழுக்கும். இவ கை வெச்சிருந்தாலும் இந்நேரம் இதே கொல்லையிலதான் ஒக்காந்திருப்போம்."

நான் சிரித்துவிட்டேன். கொல்லைக்காரரும் சிரித்தார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

அம்மா வீட்டில் வடித்து வைத்த சோறு ஆறிப்போனதுதான் மிச்சம். கொல்லைக்காரரின் டிராக்டர்தான் எங்களை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தது. மறுநாள் சிநேகிதர் பஸ் பிடித்து வந்தார்.  பேடுகளைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவிப் பார்த்தார். மேலே இருந்தது போனது, உள்ளே குடித்தது போகவில்லை. சூட்டில் வைத்துத்தான் வெளியே வாங்கவேண்டும், நேராக நெருப்பு பட்டால் வெடித்துவிடும், என்ன பண்ணுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். முன்தினத்திலிருந்து அறையைவிட்டு வெளியே வராத மாமியார், இரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மல்லாட்டை வறுக்கிற சட்டி. பின்கட்டு அடுப்பில் ஏற்றி மணலைக் கொட்டினார். மணல் காய்ந்ததும் பேடுகளை அதில் புதைத்துப் புரட்டினார். எண்ணெய் இறங்கி மணல் கறுத்ததும் கொட்டிவிட்டு வேறு மணல் போட்டார். அம்மா, போதும்மா, உக்காருங்க என்று சிநேகிதர் கரண்டியை வாங்கப் பார்த்தார், கொடுக்கவில்லை. மணல் வெளுப்பாகவே இருக்கிறவரைக்கும் அடுப்பைவிட்டு நகரவில்லை.

திரும்ப மாட்டினோம். திரும்ப ஏர் எடுக்க நான் அமுக்கினேன். அடுத்து ஓட்டிப் பார்க்கவேண்டும். தான் வரவில்லை என்று மாமியார் சொன்னார். மகன் விடவில்லை.

"எப்பப் பாத்தாலும் நா கெளம்பறப்ப உள்ள போயிக்கினே இருக்க. இந்த ஒரு வாட்டி எதுர நில்லு. நிக்கிதா இல்லியான்னு நீயே பாரு."

மாமியாரின் முகம் செத்துப்போனது. எனக்கும் இது என்ன விளையாட்டு என்றுதான் இருந்தது. ரோட்டு ஓரத்துப் புளியமரத்தடியில் நின்றால் போதும், மரத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே வண்டியை நிறுத்துவேன், அதுதான் கணக்கு என்று அவர் சமாதானம் சொன்னார். சிநேகிதர் அம்மாவோடு துணைக்கு நிற்பதாக ஏற்பாடு.

அதே பெருமுக்கல் ரோடு, காலை நேரம். இரண்டு பேரையும் புளியமரத்தடியில் விட்டுவிட்டு நாங்கள் நெடுந்தூரம் பின்னால் போய்த் திரும்பினோம். அவர் வேகம் எடுத்தார். மரம் தெரிந்தது. மரத்தடியில் சிநேகிதர் மட்டும் நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். மாமியார் நடுரோட்டில் நின்றார். எதிரே, வண்டியைப் பார்த்து, வெள்ளைப் புடவையோடு அசையாமல் நின்றார். எத்தனையோ வருஷமாக யார் கிளம்பினாலும் ஒளிந்துகொண்டவர், ஒளிய ஒரு சுவரும் இல்லாத இடத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார். நிறுத்துங்க என்று நான் கத்தினேனா, கத்த நினைத்தேனா, தெரியவில்லை. அவர் மிதித்தார். நான் முன்னால் போய் டேஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டேன். வண்டி இழுத்துப் பிடித்த மாதிரி நின்றது. ஒரு பக்கமும் சாயவில்லை, வழுக்கவில்லை. மாமியாருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பந்தலே போடலாம், அவ்வளவு இடம் கிடந்தது.

அவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துவிட்டார், தோள் குலுங்கியது. மாமியார் ஆற அமர நடந்து வந்து பானெட்டில் கையை வைத்தார்.

"ஏண்டா அவ்ளோ தூரத்துலியே நிறுத்திட்ட? எடம் இன்னும் கெடக்கே" என்றார்.

ரேஸுக்குக் கிளம்பிய அன்றைக்கு மாமியார் வாசலில் நின்றாரா, உள்ளே போனாரா என்று கேட்டால், உள்ளேதான் போனார். பழக்கம் ஒருநாளில் போகுமா? நானும் வற்புறுத்தவில்லை.

சோழவரத்தில் நான் அதே கயிற்றுக்குப் பின்னால், அதே வளைவுக்கு நேராக நின்றேன். பிரேக் பொன்னாக வேலை செய்தது. ஆனால் எனக்கு ஆத்திரமாக வந்தது. நல்ல பிரேக் எதற்கு? மற்றவன் மிதித்த பிறகு நாம் மிதிக்கலாம், வளைவுக்கு அருகில் வரைக்கும் வேகத்தோடு போகலாம், அதற்குத்தானே? இவர் என்னவென்றால் மற்ற எல்லோருக்கும் முன்னாலேயே மிதித்தார். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவில் ஒருவனாவது இவரைத் தாண்டிப் போனான். டிரம் பிரேக் வைத்திருந்தவன்கூடத் தாண்டினான். உயிரோடு வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு வந்தவள் நான், அங்கே நின்றுகொண்டு, மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பின்னாலிருந்து இரண்டாவதாக வந்தார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் விடவில்லை. கடல் தாண்டி வந்த இரும்பை மணலில் போட்டு வறுத்து மாட்டியது இதற்குத்தானா, அந்த வளைவில் என்ன பேயா நின்றது என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.  திண்டிவனம் தாண்டிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அந்த வளைவுக்கு வர்றப்பல்லாம் அம்மா எதுர நின்னுக்கினு இருந்துச்சி. நா என்னா பண்ணட்டும்."

 மறுநாள் மில்லில் மாமியார் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். அத்தே, சோழவரத்துலியும் நீங்கதான் எதுர நின்னீங்களாம், அதனாலதான் நிறுத்தி நிறுத்தி ஓட்டினாராம் என்றேன். அவர் எண்ணுவதை நிறுத்தினார். பக்கத்து மூட்டையில் உட்கார்ந்துகொண்டு அழுதார். மாமனார் போனபோதுகூட மில்லில் வைத்து அவர் அழுததில்லை என்று சொல்லுவார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பிடியா சொன்னான்?" என்று கேட்டார். ஆமாம் அத்தே, அப்படித்தான் சொன்னார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னா சொன்னான், இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். இன்னொரு தரம் சொன்னேன்.